பக்கவாதம் வந்தவரை வீட்டுக்கு அழைத்துச் செல்லும் முன்: சாட்ஸ்வொர்த் சகோதரிக்கு ஒரு பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அவருடைய 71 வயதுத் தந்தைக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு தெளிவாக இருக்கிறது. அரசு மருத்துவமனையில் இருக்கும் அவரை வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று வார்டில் சொல்லிவிட்டார்கள். வீட்டில் இருப்பவர் 68 வயதுத் தாயார். அவருக்கும் சர்க்கரை நோய் உண்டு. மகளும் மகனும் வேலைக்குப் போகிறவர்கள். அதற்குள் எதையெல்லாம் கேட்டுக்கொள்ள வேண்டும், வீட்டை எப்படித் தயார் செய்ய வேண்டும், பிறகு யார் உதவிக்கு வருவார்கள் என்பது அவருடைய கேள்வி. டர்பனில் மருத்துவ வார்டுகளில் நீண்ட காலம் சிஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் என்றால் சிகிச்சை முடிந்துவிட்டது என்று பொருள் இல்லை. பகல், இரவு என மாறி மாறி வந்த நர்சுகளும், உடற்பயிற்சி கொடுத்தவர்களும், மருந்து எடுத்துக் கொடுத்தவர்களும் பிரித்துச் செய்துவந்த வேலை முழுவதும் உங்கள் அம்மாவின் கைக்கு வந்து சேர்கிறது. ஆகவே, வார்டில் யாராவது "எப்படிச் செய்வது என்று விளக்கிவிட்டோம்" என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது, சட்டை போடுவது, உணவு ஊட்டுவது, படுக்கையில் புரட்டிவிடுவது ஆகிய நான்கையும் உங்கள் அம்மாவும் நீங்களும் சிஸ்டரோ பிசியோதெரபிஸ்டோ பார்த்துக்கொண்டிருக்கும்போதே உங்கள் கையால் செய்து பார்க்க வேண்டும். பார்வையாளர் நேரத்துக்கு வெளியே வர அனுமதி கேளுங்கள். காரணத்தைச் சொன்னால் பெரும்பாலான வார்டுகளில் விடுவார்கள். அம்மாவால் அப்பாவைத் தூக்கி மாற்ற முடியவில்லை என்றால் அது வெள்ளிக்கிழமைக்கு முன்பே தெரிந்துவிட வேண்டும். அப்படித் தெரிந்தால், அதை வார்டின் பொறுப்பு சிஸ்டரிடம் நேராகச் சொல்லி, மருத்துவமனையின் சமூகப் பணியாளரைப் பார்க்க வேண்டும் என்று அன்றே கேளுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது "பேச்சு தெளிவாக இருக்கிறது" என்ற வரி. இடது பக்கம் விழுந்தவர்களுக்கு மூளையின் வலது பாதியில் சேதம் ஏற்பட்டிருக்கும். பேச்சை நடத்தும் பகுதி பெரும்பாலானோருக்கு இடது பாதியில் இருப்பதால் இவர்கள் நன்றாகப் பேசுவார்கள். வந்தவர்களை விசாரிப்பார்கள், கிரிக்கெட் ஸ்கோர் கேட்பார்கள். குடும்பத்தார் மனம் நிம்மதி அடையும். ஆனால் வலது மூளைப் பக்கவாதம் இரண்டு ஆபத்துகளைப் பேச்சுக்குப் பின்னால் மறைத்து வைத்திருக்கக்கூடும். ஒன்று, தன் இடது பக்கத்தையே மறந்துபோவது. சோற்றில் வலது பாதியைச் சாப்பிட்டுவிட்டு இடது பாதியை அப்படியே வைத்துவிடுவார்; பசியில்லை என்று அம்மா தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவார். தட்டை அரை வட்டம் திருப்பி வைத்துப் பாருங்கள், மீதியையும் சாப்பிடுவார். முகச்சவரம் ஒரு கன்னத்தில் மட்டும் நடந்திருக்கும். இடது கை சக்கர நாற்காலியின் சக்கரத்துக்குள் தொங்கிக்கொண்டிருக்கும், சூடான தேநீர் பட்டாலும் அவருக்கு உறைக்காமல் போகலாம். மற்றொன்று, தன்னால் முடியாததை முடியும் என்று உண்மையாகவே நம்புவது. இது பிடிவாதமும் அல்ல, வயதானவரின் வீம்பும் அல்ல; மூளையில் ஏற்பட்ட காயத்தின் விளைவு. "நானே போய்க்கொள்கிறேன்" என்று எழுந்து விழுவது பல சமயம் இரவில், சிறுநீர் கழிக்கப் போகும்போது நடக்கும். ஆகவே இரவில் கைக்கெட்டும் இடத்தில் சிறுநீர் பாட்டில் இருக்க வேண்டும், ஒரு சிறு விளக்கு எரிய வேண்டும், தூங்கப் போகுமுன் அவரை ஒருமுறை கழிக்கவைக்க வேண்டும். இந்த இரண்டு கோளாறுகளும் அப்பாவுக்கு இருக்கின்றனவா என்று ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் (அன்றாட வேலைகளை மறுபடி செய்யப் பழக்குபவர்) தனித்தனியாகக் குறிப்பிட்டுக் கேளுங்கள். இருந்தால், அவரைத் தனியே விட்டுவிட்டுக் கடைக்குப் போவது எவ்வளவு நேரம் தகும் என்பதையும் கேளுங்கள்.

கையாளும் முறையில் சில நுணுக்கங்கள் உண்டு. தெரிந்துகொண்டால் பெரிய வலி தவிரும். விழுந்த கையைப் பிடித்து இழுத்து ஒருபோதும் தூக்காதீர்கள். தசையின் பிடிப்பு இல்லாத தோள் எளிதில் குழியிலிருந்து இறங்கிவிடும், பிறகு மாதக்கணக்கில் வலிக்கும். உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கையைத் தலையணைமேலோ நாற்காலிக் கைமேலோ தாங்கி வைக்க வேண்டும். சட்டை போடும்போது விழுந்த கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுக்க வேண்டும். நடக்கத் தொடங்கிய பின் படியேறுவதற்கு நல்ல கால் முன்னே, இறங்குவதற்குப் பலவீனமான கால் முன்னே. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது நாற்காலியை அவருடைய வலது பக்கம், அதாவது பலமான பக்கம் வையுங்கள். அசைய முடியாமல் படுத்திருக்கும் நேரங்களில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிட்டு, குதிகால், இடுப்பு எலும்பு, முதுகின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் தோல் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். நம்மவர்களின் கருத்த தோலில் சிவப்பு தெரியாது. சூடாகவோ கெட்டியாகவோ சுற்றியுள்ள தோலைவிடக் கருத்தோ இருந்தால் அதுவே படுக்கைப்புண்ணின் தொடக்கம்.

விழுங்கும் சக்தியைப் பற்றி வார்டில் யாரும் பேசாவிட்டாலும் நீங்கள் பேசுங்கள். ஸ்பீச் தெரபிஸ்ட் பேச்சை மட்டும் பார்ப்பவர் அல்லர். விழுங்குவதைச் சோதிப்பவரும் அவரே. நீராகவா, கெட்டியாகவா, எந்தப் பதத்தில் கொடுக்கலாம் என்பதை எழுதி வாங்குங்கள். பக்கவாத நோயாளிகளுக்குப் பச்சைத் தண்ணீர்தான் பல சமயம் மிகக் கடினமானது. கஞ்சி எளிதாக இறங்கும், தேநீர் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். நேராக உட்கார வைத்து, சிறு சிறு கரண்டியாக ஊட்டி, வாய் காலியானதைப் பார்த்த பிறகு அடுத்ததைக் கொடுத்து, சாப்பிட்டு முடித்ததும் அரை மணி நேரமாவது படுக்கவிடாமல் வையுங்கள். இடது கன்னத்துக்குள் சோறு தங்கியிருக்கும். அவருக்கு அது தெரியாது. சாப்பிடும்போது இருமல், சாப்பிட்ட பின் குரல் நீர் கோத்ததுபோல் கரகரப்பது, காய்ச்சல் ஆகியவை நுரையீரலுக்குள் உணவு போய்விட்டதைக் காட்டும். அப்போது வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

வீட்டைப் பொறுத்தவரை, சாட்ஸ்வொர்த்தின் பழைய இணைவீடுகளில் படுக்கையறை மாடியில் இருப்பதும், சாலையிலிருந்து வாசலுக்கு மேட்டிலோ பள்ளத்திலோ படிக்கட்டுகள் இருப்பதும் வழக்கம். வியாழக்கிழமைக்குள் அப்பாவின் கட்டிலைக் கீழே முன்னறைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். சாலையிலிருந்து கட்டில்வரை எத்தனை படிகள், அவை எவ்வளவு உயரம், கதவின் அகலம் எவ்வளவு என்று அளந்து, கைப்பேசியில் படமும் எடுத்து ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் காட்டுங்கள். சக்கர நாற்காலி நுழையுமா, கமோட் நாற்காலி தேவையா என்பதை அவர் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் முடிவுசெய்வார். இந்தச் சாதனங்களை மருத்துவமனை வழியாகப் பெற வழி உண்டு. ஆனால் காத்திருப்போர் அதிகம். எனவே டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே விண்ணப்பம் பதிவாகியிருப்பதை உறுதி செய்யுங்கள். வீட்டில் கால்மிதிகளை எல்லாம் எடுத்துவிடுங்கள். அவற்றில் கால் வழுக்கி விழுவது எளிது.

மருந்துக்கு வருகிறேன். வீட்டில் கிளினிக்கிலிருந்து வாங்கிய பழைய மாத்திரைகள் இருக்கும், தனியார் மருத்துவர் கொடுத்தவை இருக்கும், சில சமயம் அம்மாவின் மாத்திரைகளும் அதே டப்பாவில் கிடக்கும். மருத்துவமனை கொடுக்கும் புதிய பாக்கெட் இவற்றோடு சேரும்போதுதான் தவறு நடக்கிறது. பழைய பாக்கெட்டில் மெட்ஃபார்மின் என்றும் புதியதில் குளுக்கோஃபேஜ் என்றும் இருந்தால் இரண்டும் வேறு மருந்து என்று எண்ணி இரண்டையும் கொடுத்துவிடுவார்கள், இரண்டும் ஒன்றே. ஆகவே வீட்டில் உள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு வார்டுக்குக் கொண்டுபோய், எது தொடர்கிறது, எது அளவு மாறியிருக்கிறது, எது நிறுத்தப்பட்டது, எது புதியது என்று மருந்தாளுநரோ மருத்துவரோ ஒவ்வொன்றாகக் குறித்துத் தரும்படி கேளுங்கள். நிறுத்தியவற்றை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவராமல் அங்கேயே கொடுத்துவிடுங்கள். பக்கவாதம் மறுபடி வராமல் தடுப்பதற்கு இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பதும் ஆஸ்பிரின் போன்ற மருந்துகளும் மிக முக்கியம். உடம்பு தேறியதும் மாத்திரையை நிறுத்தும் வழக்கம் நம் குடும்பங்களில் உண்டு. மருத்துவர் சொல்லாமல் ஒன்றையும் நிறுத்தக் கூடாது. உப்பு, நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் மேசையில் இருக்கும்வரை அந்த அளவுக்குள் நிற்க முடியாது. புரட்டாசி விரதம் இருப்பவரானால் அதைப் பற்றியும் மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். மரக்கறி உணவில் தவறில்லை. பட்டினி கிடந்து மாத்திரை போடுவதுதான் ஆபத்து.

வார்டை விட்டுக் கிளம்பும்போது உங்கள் கையில் எழுத்துவடிவிலான டிஸ்சார்ஜ் அறிக்கை இருக்க வேண்டும். இது அவர்கள் மனம் வைத்துத் தரும் சலுகை அல்ல. 2003ஆம் ஆண்டின் தேசியச் சுகாதாரச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவருக்கு டிஸ்சார்ஜ் அறிக்கை எழுத்தில் தரப்பட வேண்டும் என்கிறது. அதே சட்டத்தின் 6ஆம் பிரிவு, இயன்றவரை நோயாளிக்குப் புரியும் மொழியிலும் அவருடைய எழுத்தறிவுக்கு ஏற்றபடியும் விளக்க வேண்டும் என்கிறது. அன்றாடம் ஆங்கிலத்தில் பேசும் நம் பெரியவர்களில் சிலர் நோயின் அசதியில் தமிழுக்குத் திரும்பிவிடுவார்கள். அப்படியானால் தமிழ் தெரிந்த வளர்ந்த பிள்ளை ஒருவர் பக்கத்தில் இருக்கும் நேரத்தில் விளக்கும்படி கேளுங்கள்; பத்து வயதுப் பேரனை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அறிக்கையில் நோயின் பெயர், மருந்துப் பட்டியல், அடுத்து வர வேண்டிய தேதிகள், பிசியோதெரபி எங்கே தொடரும் என்பது எல்லாம் இருக்கிறதா என்று அங்கேயே வாசித்துப் பார்த்து, படம் எடுத்து அண்ணன் தம்பி அனைவருக்கும் அனுப்பிவையுங்கள்.

அந்த அறிக்கையோடு முதல் வாரத்திலேயே உங்கள் பகுதிக் கிளினிக்குக்கு நீங்களே நேரில் போங்கள். முதல் நடைக்கு அப்பாவை இழுத்துச் செல்ல வேண்டியதில்லை. மூன்று காரியங்களுக்காகப் போகிறீர்கள். மருத்துவமனை கொடுத்த மருந்து தீரும் முன் கிளினிக்கில் தொடர்ச்சி ஏற்பட வேண்டும். வீடு தேடி வரும் சமூக சுகாதாரப் பணியாளர்கள் உங்கள் தெருவுக்கு உண்டா என்று கேட்டு, அப்பாவின் பெயரைப் பதிய வேண்டும்; அவர்கள் இரத்த அழுத்தம் பார்ப்பார்கள், மருந்து ஒழுங்காகப் போகிறதா என்று கவனிப்பார்கள், சிக்கலைக் கிளினிக்குக்குத் தெரிவிப்பார்கள். மூன்றாவது, இரத்த அழுத்தம் நிலைப்பட்டதும் மருந்தை வீட்டுக்கு அருகிலுள்ள மருந்துக்கடை போன்ற இடத்திலேயே வாங்கிக்கொள்ளும் அரசுத் திட்டத்தில் சேர்த்துவிடும்படி கேட்க வேண்டும். 2014இல் தொடங்கிய அந்தத் திட்டத்தால் மாதந்தோறும் கிளினிக் வரிசையில் அரை நாள் நிற்பது மிச்சமாகும்.

பண உதவி பற்றி. அப்பா ஏற்கனவே அரசின் சமூக உதவித்தொகைகளை வழங்கும் சாசா (SASSA) அமைப்பிடம் முதியோர் உதவித்தொகை வாங்குகிறவர் என்றால், முழுநேரமும் இன்னொருவருடைய பராமரிப்பு தேவைப்படுகிறவருக்கு அதற்குமேல் கூடுதலாகக் கிராண்ட்-இன்-எய்ட் என்ற தொகை உண்டு. பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இதற்கு மூன்று மாதத்துக்கு மேல் பழையதாகாத மருத்துவ மதிப்பீடு வேண்டும். அவரை நன்கு அறிந்த மருத்துவர் வார்டில் இருக்கும்போதே அதற்குரிய விவரங்களைக் கேட்டுக்கொள்வது எளிது. அவரால் அலுவலகத்துக்கு வர முடியாததால், அவருடைய கடிதமும் வர முடியாமைக்கான மருத்துவரின் குறிப்பும் கொண்டு நீங்கள் அவர் சார்பில் விண்ணப்பிக்கலாம். முடிவு வர மூன்று மாதம்வரை ஆகலாம். ஆனால் ஒப்புதல் கிடைத்தால் விண்ணப்பித்த தேதியிலிருந்து கணக்கிட்டுத் தருவார்கள். எனவே அப்பா நடக்கத் தொடங்குகிறாரா பார்ப்போம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

விடுப்பு விஷயத்தில் பல பிள்ளைகள் ஏமாந்துபோகிறார்கள். நம் நாட்டு அடிப்படை வேலைச் சட்டம் தரும் குடும்பப் பொறுப்பு விடுப்பு ஆண்டுக்கு மூன்று நாள். அதுவும் பிள்ளைக்கு உடல்நலமில்லாதபோதும் நெருங்கிய உறவினர் இறந்தபோதும்தான். தாய் தந்தையின் நோய்க்கு அது பொருந்தாது. உங்கள் நிறுவனத்தின் சொந்த விதி அதைவிடத் தாராளமாக இருக்கலாம்; கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் நீங்களும் உங்கள் சகோதரரும் ஒரே வாரத்தில் ஆண்டு விடுப்பை எடுத்துத் தீர்த்துவிடாமல், முதல் வாரம் ஒருவர், இரண்டாம் வாரம் மற்றவர் என்று பங்கிட்டுக்கொள்ளுங்கள். பிறகு பகலில் ஒரு பராமரிப்பாளரைச் சம்பளத்துக்கு வைக்க நேர்ந்தால், முதியவரையும் நோயாளியையும் வீட்டில் கவனிப்பவர் சட்டப்படி வீட்டுப் பணியாளரே. மாதத்துக்கு 24 மணி நேரத்துக்கு மேல் உங்களிடம் வேலை செய்தால் அவரை வேலையில்லா காப்பீட்டு நிதியில் பதிவு செய்ய வேண்டும். நம் அப்பாவைக் குளிப்பாட்டும் கைக்கு உரியதைக் கொடுப்பதில் கணக்குப் பார்க்கக் கூடாது என்பது என் கருத்து.

உறவினர்கள் வருவார்கள். டர்பனில் நம் குடும்பங்களில் ஒருவர் படுத்தால் வீடு நிறைந்துவிடும். அது நம் பலம். ஆனால் முதல் இரண்டு வாரங்களில் கூட்டமும் தொலைக்காட்சிச் சத்தமும் அடிபட்ட மூளையைச் சீக்கிரம் களைப்பாக்கும். காலையில் ஒருவர், மாலையில் ஒருவர் என்று முறை வையுங்கள். "என்ன செய்யட்டும்?" என்று கேட்கிறவரிடம் ஒரு வேலையைக் கொடுத்துவிடுங்கள்: செவ்வாய்க்கிழமை சமையல், வியாழக்கிழமை பிசியோதெரபிக்குக் கார். எண்ணெய் கொண்டுவந்து தேய்த்து இழுத்துவிடச் சொல்லும் பெரியவர்களும் வருவார்கள். மெல்லத் தடவுவதில் கெடுதல் இல்லை. விழுந்த தோளை இழுப்பதையும் விரல்களை முறுக்குவதையும் மரியாதையாக, ஆனால் உறுதியாக மறுத்துவிடுங்கள். உடல் திரும்பப் பெறும் முன்னேற்றத்தில் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களில் நடக்கிறது. அதன் பிறகும் மெதுவாகத் தொடரும். அந்த மூன்று மாதங்களைப் பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்த பயிற்சிக்குச் செலவிட வேண்டும். சந்திப்புத் தேதி தூரமாகப் போட்டிருந்தால், கற்றுக்கொடுத்ததைக் காணொளியாகப் பதிந்துகொண்டு வீட்டில் நாள்தோறும் இரண்டு மூன்று முறை செய்யவையுங்கள்.

அம்மாவைப் பற்றி நீங்கள் ஒரே வரிதான் எழுதியிருந்தீர்கள். எனக்கு அப்பாவைவிட அவரைப் பற்றித்தான் கவலை அதிகம். கணவருக்கு ஊட்டிவிட்டுத் தான் சாப்பிட மறந்துபோகும் சர்க்கரை நோயாளிக்கு, மாத்திரையோ இன்சுலினோ வேலை செய்து இரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். வியர்வை, நடுக்கம், குழப்பம் தெரிந்தாலோ சர்க்கரை அளவி 4 mmol/Lக்குக் கீழே காட்டினாலோ உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அவருடைய கிளினிக் தேதிகளையும் அப்பாவின் தேதிகளுக்கு அருகிலேயே ஒரே காலண்டரில் எழுதுங்கள். வாரத்தில் இரண்டு இரவாவது நீங்களோ உங்கள் சகோதரரோ அப்பா அருகில் படுத்து, அம்மாவை மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கவிடுங்கள்.

அப்பாவின் மனநிலையையும் கவனித்துக்கொண்டே இருங்கள். பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. பயிற்சி செய்ய மறுப்பது, இரவில் தூங்காமல் இருப்பது, பேரப்பிள்ளைகளைக்கூடப் பார்க்க விரும்பாதது ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் கிளினிக்கில் சொல்லுங்கள். அதற்கும் மருந்து உண்டு. மனம் தேறினால் பயிற்சியும் நடக்கும்.

கடைசியாக, ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி அப்பாவின் கட்டிலுக்கு மேலே ஒட்ட வேண்டியது: முகம் ஒரு பக்கம் கோணுதல், வலது கையிலோ காலிலோ புதிதாகப் பலவீனம், பேச்சு குழறுதல், திடீரென்று பார்வை மங்குதல், எழுப்ப முடியாத தூக்கம். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அரசு ஆம்புலன்சுக்கு 10177, கைப்பேசியிலிருந்து 112. இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி பொருந்துகிறவருக்கு அதை 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பதால், அவர் கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதை மருத்துவர் முதலில் கேட்பார். உங்கள் வீட்டு முகவரியோடு, சாலையிலிருந்து படி ஏற வேண்டுமா இறங்க வேண்டுமா என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதிவையுங்கள். பதற்றத்தில் அம்மா அதை வாசித்துச் சொன்னால் போதும்.